பாதத்தின் அளவு

பஸ் டிப்போவில் அவருக்கு ஒட்டகம் என்று பெயர். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால், ஒரு ஜக்குத் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்து முடிப்பார். பாதி சட்டையில் வழியும். அதைப் பார்ப்பதற்கென்றே கண்டக்டர்கள் கூடி நிற்பார்கள். அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் சிறுநீரகம் இரண்டும் பழுதாயின.

மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டும். டீ, பால், கஞ்சி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் வயிற்றுக்குள் போகக் கூடாது என்றார் டாக்டர். டிரைவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"முக்கால் லிட்டர்தானே, நான் பாத்துக்கறேன்" என்றாள் அவர் மனைவி.

அவள் ஒரு பெண்கள் பள்ளியில் ஆய்வுக்கூட உதவியாளர். அளவு ஜாடியில் தண்ணீர் நடுவில் குழிந்துதான் நிற்கும். குனிந்து, கண்ணை நேர்மட்டத்துக்குக் கொண்டுவந்து, அந்தக் குழியின் அடியில் உள்ள கோட்டைப் படிக்க வேண்டும். அது அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். வாய் விளிம்பு உடைந்துபோனதால் ஒதுக்கி வைத்திருந்த ஜாடி ஒன்றை டீச்சரிடம் கேட்டு வாங்கி வந்தாள். வீட்டிலிருந்த டம்ளர், கப், கரண்டி எல்லாம் எவ்வளவு பிடிக்கும் என்று அளந்து வைத்துக்கொண்டாள். காலையில் ஒரு பாட்டிலில் அன்றைய பங்கை ஊற்றி வைப்பாள். அவர் ஒரு கப் டீ குடித்தால், அதே கப் அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துச் செடிக்கு ஊற்றிவிடுவாள்.

ஒருநாள் திராட்சை கேட்டார். ஜாடியில் பாதிவரை தண்ணீர் விட்டு, பழங்களை ஒவ்வொன்றாக உள்ளே போட்டு, மட்டம் எவ்வளவு ஏறியது என்று பார்த்து, அதையும் கணக்கில் கழித்தாள்.

"என்னையும் ஒரு தொட்டியில முக்கி, எவ்வளவு தண்ணி வெளிய வருதுன்னு பாத்துடேன்" என்றார் அவர்.

"முழுசா முக்க நம்ம வீட்டுல தொட்டி இல்ல. காலை மட்டும் குடுங்க."

விளையாட்டாகத்தான் தொடங்கினாள். ஆனால் உடம்பில் நீர் தங்கினால் முதலில் பாதம்தான் வீங்கும் என்பது நினைவுக்கு வந்தது. அதன்பின் ஞாயிறு காலைகளில் அதுவே வழக்கமானது. அகலமான தட்டுக்குள் சின்னத் தொட்டியை வைத்து, விளிம்புவரை நிரப்புவாள். அவர் வலது காலை மெல்ல உள்ளே இறக்கி அடியில் ஊன்றுவார். தட்டில் வழிந்ததை ஜாடியில் ஊற்றிப் படிப்பாள். எவ்வளவு வழிந்ததோ அவ்வளவுதான் பாதம். பிறகு காலை மடியில் வைத்து, விரலிடுக்கெல்லாம் துடைத்துவிடுவாள்.

"டிப்போவுல சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்" என்பார் டிரைவர், காலை எடுக்க மனசில்லாமல்.

இப்படியே சில வருடங்கள் ஓடின. ஒரு ஞாயிறு, தட்டில் வழிந்த தண்ணீர் வழக்கத்தைவிட இருநூறு மில்லி கூடியிருந்தது. தொட்டியை நிரப்பி மறுபடி அளந்தாள். அதேதான்.

"வெளிய எங்கயாவது குடிச்சீங்களா?"

"இல்லம்மா."

"பொய் சொல்லாதீங்க. இதோ ஜாடி சொல்லுதே."

"உன் மேல சத்தியமா இல்ல."

அவள் ஜாடியைத்தான் நம்பினாள். மெஷின் அறையிலும் எடை ஏறியிருக்கிறது, தண்ணீரைக் குறையுங்கள் என்றார்கள். முந்தின வாரம் வந்துபோன நாத்தனாருக்குப் போன் போட்டு, "ஜூஸ் ஏதாவது குடுத்தியா?" என்று கேட்டாள். "அண்ணி, அண்ணன் முன்னால நானே தண்ணி குடிக்க மாட்டேனே" என்று அந்தப் பெண் அழுதாள். அதையும் அவள் நம்பவில்லை. குளியலறை மக்கை எடுத்து ஒளித்தாள். பாட்டிலைப் பாதியாக்கினாள். அவரோடு பேச்சைக் குறைத்தாள்.

"வாய் ஒட்டுது. கொப்பளிச்சுத் துப்பிடறேன், ஒரு மடக்கு குடு" என்று கேட்டார் ஒருநாள். அளந்து கொடுத்தாள். கிண்ணத்தில் துப்பச் சொல்லி, அதை ஜாடியில் ஊற்றிப் பார்த்தாள். கொடுத்தது அப்படியே திரும்பி வந்திருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த வாரக் கடைசியில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

"தண்ணி நிறைய குடிச்சதாலயா டாக்டர்?"

"இல்லம்மா. இதயம் ரொம்பப் பலவீனமாயிடுச்சு. கொஞ்சநஞ்சம் வந்துட்டிருந்த யூரினும் நின்னுபோச்சு. அதான் உடம்புல தேங்குது. அவர் நாக்கைப் பாருங்க, குடிச்ச ஆள் நாக்கு மாதிரியா இருக்கு? வெடிச்சுப் போயிருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "இனிமே அவர் கேக்கறதைக் குடுங்க" என்றார்.

அவள் கட்டிலருகே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் முகத்தில் மாட்டியிருந்த ஆக்ஸிஜன் மாஸ்க்கை ஒதுக்கினார்.

"அழாத. ஒட்டகம்னு பேர் எடுத்தவன் குடிக்கலைன்னு சொன்னா எவ நம்புவா?"

வெளியே ஓடி ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்து வந்தாள். இரண்டு ஸ்பூன் இறங்கியது. மூன்றாவது உதட்டோரம் வழிந்து தலையணையை நனைத்தது. வெளியூரில் இருக்கும் மகள் வந்து சேர்வதற்குள் அவர் போய்விட்டார்.

விடுமுறை முடிந்து பள்ளிக்குப் போனவள் தலைமை ஆசிரியையிடம் நூலகத்துக்கு மாற்றிவிடும்படி கேட்டாள். காரணம் கேட்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது புத்தகங்களுக்கு அட்டை போடுகிறாள்.

மகள் மாதம் ஒருமுறை வந்து போகிறாள். "நீ பாத்துக்கிட்டதாலதான் அப்பா இத்தனை வருஷம் இருந்தாரு. டாக்டரே சொன்னாரும்மா" என்று ஒவ்வொரு முறையும் சொல்வாள்.

போன முறை அம்மா பதில் சொன்னாள். "என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்டி. திட்டவே இல்ல."

மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.