பாக்கியம் அக்காவின் மீதி நான்கு நிமிடங்கள்

ஒயரைப் பிடுங்கியவன் நான்தான். ஒலிபெருக்கிப் பெட்டி சூடேறி, வெந்த தூசியின் வாடை அடித்துக்கொண்டிருந்தது. சன்னல் வழியாகப் பனிமூட்டம் மண்டபத்துக்குள் வந்துகொண்டிருந்தது. மேடையில் பாக்கியம் அக்கா ஒரு கேள்வியின் முதல் பாதியைக் கேட்டு முடித்திருந்தார். அப்போது இழுத்தேன். எனக்கு வயது பதினைந்து. அதற்கு எனக்குக் கிடைத்த கூலி, தோட்டக் கடையின் ஆணியில் தொங்கிய ஒரு ஜோடி காற்பந்துப் பூட்ஸ்.

எழுபதுகளின் நடுவில், ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி இருந்தது. ஆங்கிலச் செய்தியை லயத்து வரிசை வீடுகளில் இருந்த மக்களுக்குத் தமிழில் சொல்வது, டவுன் பள்ளியில் படித்த என் வேலை. ஒரு நாள் அமெரிக்க அதிபர் தேர்தலின் விவாத மேடையைக் காட்டினார்கள். இரண்டு வேட்பாளர்களும் ஆளுக்கொரு மேசைக்குப் பின்னால் நின்று வாதிட்டுக்கொண்டிருக்கையில் ஒலி அறுந்துவிட்டதாம். ஏறக்குறைய அரை மணி நேரம், அது திரும்பும்வரை, இருவரும் ஒருவரோடொருவர் பேசாமலே இருந்தார்களாம். "ஏன்டா தம்பி பேசாம நிக்கிறாங்க?" என்று கேட்டார்கள். தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, "அங்க அதான் சட்டம். மைக் நின்னா வாயத் தொறக்கக் கூடாது" என்றேன். மண்டபமே வியந்துபோனது. "நம்மாளுங்க மைக் இல்லாமலே நாலு மலைக்குக் கத்துறானுங்க. அவனுங்களப் பாருலா, என்னா மருவாதி!"

அந்த வியப்பில்தான், தோட்டக் கமிட்டித் தலைவர் தேர்தல் வந்தபோது, அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியார் நமக்கும் அப்படியொரு விவாதம் வேண்டும் என்றார். ஞாயிறு மதியம், ஆளுக்கு ஐந்து நிமிடம். மைக் நின்றால் யாரும் பேசக் கூடாது, நேரம் மட்டும் ஓடும். விதிகளைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டார்.

ஒரு பக்கம் ராசப்பன் கங்காணி. மறுபக்கம் கொழுந்து பறிக்கும் பாக்கியம் அக்கா. எங்கள் தோட்டத்துக்கு அப்போது செல்லையா முதலாளியின் கடை ஒன்றுதான். அவர் சொன்னதுதான் விலை. கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரியை உள்ளே விடும்படி தோட்ட நிர்வாகியான துரையிடம் பேசப்போவதாக அக்கா சொன்னார். ராசப்பன் லோரியைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் அச்சடித்த சுவரொட்டிகள் வந்தன, வீட்டுக்கு வீடு பிஸ்கட் டின் வந்தது. யார் தந்தது என்று கேட்டால், "கூட்டாளிங்கலா" என்று சிரிப்பார்.

அக்காவோ, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டார். பசை காய்ச்ச மாவு, அஞ்சலை. எழுதப் பழைய காலண்டர் தாள், மாரியாயி. கொடுத்தவர் பெயரெல்லாம் அதில் இருந்தது.

"பசைக்குக்கூடப் பேரு எழுதணுமாக்கா?" என்று பெண்கள் கேலி செய்தார்கள்.

"நாளைக்கு நா யாருக்குத் தலையாட்டுறேன்னு ஒங்களுக்குத் தெரிய வேணாமா?" என்றார் அக்கா.

பின்னாளில் சரித்திர ஆசிரியனாகி எத்தனையோ நாட்டுத் தேர்தல்களைப் படித்தேன். தேர்தல் நிதியைப் பற்றி இவ்வளவு நேராக வேறு யாரும் சொல்லிப் படித்ததில்லை.

விவாதத்துக்கு முந்தின நாள் செல்லையா முதலாளி அந்தப் பூட்ஸை எடுத்து என் முன்னால் வைத்தார். மைக்செட் என் பொறுப்பு என்பது அவருக்குத் தெரியும். "பாக்கியம் என் பேர எடுத்தா மைக் ரிப்பேராயிடணும். என்னா?"

மறுநாள் ராசப்பன் பேசி முடித்ததும் அக்கா எழுந்தார். ஒரு நிமிடம் லோரியைப் பற்றிப் பேசினார். பிறகு திரும்பி, "ராசப்பண்ணே, வீட்டுக்கு வீடு டின்னு குடுத்தீங்களே, அது செல்லையா..." என்றார். இழுத்துவிட்டேன்.

"கத்துக்கா! ஒனக்கு எதுக்கு மைக்கு?" என்று பின்வரிசையில் கூவினார்கள். உண்மைதான், அவர் குரல் கொடுத்தால் எதிர்ச்சரிவில் பறிக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அக்கா சுவரிலிருந்த தாளைப் பார்த்தார். இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு, தொலைக்காட்சியில் கண்டபடியே நின்றார். ராசப்பன் வேர்வையைத் துடைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், அக்கா உட்காரவில்லை. நான் திருகாணியைத் திருகுவதாகப் பாவனை செய்தேன். ஐந்து நிமிடம் முடிந்ததும் கிராணியார் மணி அடித்தார்.

"கேக்க ஒண்ணும் இல்ல போலருக்கு" என்று சிலர் சொல்லிக்கொண்டே போனார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய ஓட்டில் அக்கா தோற்றார். லோரி வரவில்லை. என் பூட்ஸ் காலுக்குச் சரியாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு கோல்கூட அடித்தேன்.

எட்டு ஆண்டுகள் கழித்து, ஆசிரியர் வேலை கிடைத்த பிறகுதான் அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லத் துணிந்தேன்.

"தெரியும் தம்பி. நீ இழுத்தத மேடையிலேருந்தே பாத்தேன்" என்றார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா?"

"மைக் நின்னா வாயத் தொறக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன?" கொழுந்துக் கறை படிந்த விரல்களால் முந்தானையை உதறிக்கொண்டார். "எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது? மைக்குல போய்ச் சொல்லு."

அந்த ஆண்டுத் தேர்தல் கூட்டத்தில், என் அப்பா முன்வரிசையில் இருக்க, சட்டம் என்று நான் அளந்த பொய்யிலிருந்து பூட்ஸ் வரை எல்லாவற்றையும் மைக்கில் சொன்னேன். பிறகு அக்காவின் குரல்: "கிராணியாரே, என் பாக்கி நேரத்தக் குடுங்க. நாலு நிமிசம்." மேடையேறி, அறுந்த இடத்திலிருந்தே அந்தக் கேள்வியைக் கேட்டு முடித்தார். கிழவராகிவிட்ட ராசப்பன் எழுந்து, "செல்லையாதான் குடுத்தாரு தங்கச்சி" என்றார். "இதச் சொல்ல எட்டு வருசமாலா?" என்று யாரோ கத்த, மண்டபம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அப்பா அதன் பிறகு ஒரு வருடம் என்னோடு பேசவில்லை.

புதிய கமிட்டி துரையிடம் பேசி லோரியை உள்ளே வரவைத்தது. வேட்பாளர் எல்லோரும் அட்டை தொங்கவிட வேண்டும் என்றும் எழுதி ஒட்டியது. அக்கா மறுபடி போட்டியிடவில்லை.

அந்த மண்டபம் இன்று இல்லை. அந்த மேட்டில் பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் ஸ்ட்ராபெரி விளைகிறது. அக்காவும் இல்லை. தேர்தல் காலத்தில் தொலைக்காட்சியில் எந்த நாட்டு விவாதம் வந்தாலும் உட்கார்ந்து பார்க்கிறேன். நடுவே ஒலியை நிறுத்திவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து நான்கு நிமிடம் இருப்பேன். அத்தனை வாய்களும் அசைந்துகொண்டேதான் இருக்கின்றன.