காட்ஹெட்டும் என் களிமண்ணும்

சுனாமி வந்து ஒரு வருடம் ஆகிறது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, மகள் கம்ப்யூட்டரில் தட்டுகிறாள்.

இன்று பூசை முடிந்ததும் டீக்கடையில், பொம்மைப் பட்டறையில் என்னோடு வேலை பார்த்த சவரிமுத்து பேசிக்கொண்டிருந்தான்.

"காட்ஹெட்டுன்னா தெய்வத்தன்மைங்க. பழைய இங்கிலீஷு, இப்ப ஜெபப் புஸ்தகத்துலதான் இருக்குது. பொம்மை மூணு, களிமண்ணு ஒண்ணு. பிதா, சுதன், ஆவி அப்புடித்தான்!"

எல்லோரும் அசந்துபோனார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

பழைய பங்குச்சாமி எங்களுக்கு அந்தச் சொல்லை விளக்கியபோது, "மூணு பொம்மைக்கும் மண்ணு ஒண்ணுதானேங்க சாமி?" என்று கேட்டவன் நான். சாமி என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

"ஏண்டா, அது நான் சொன்னதுல்ல?" என்றேன்.

"சாட்சி இருக்குதா?" என்று சிரித்தான்.

நீங்களே நியாயம் சொல்லுங்கள். சாமியை அந்த அலை கொண்டுபோய்விட்டது. கூட இருந்த உபதேசியாரையும் கொண்டுபோய்விட்டது. அதைக் கேட்டவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவன் சவரிமுத்து ஒருவன்தான்.