பித்தளைப் பலகையில் இரண்டு ஆண்டுகள்

போன செவ்வாய்க்கிழமை பேத்தி ஜேர்மனியிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தாள். பல்கலைக்கழக விடுமுறைக்கு ஊர் சுற்றப் போனவள். மஞ்சள் சுவர், அதில் ஒரு பித்தளைப் பலகை, நான்கு மூலைக்கும் நான்கு ஆணி. கீழே, "அப்பப்பா, திஸ் இஸ் யுவர் ஓல்ட் ஹவுஸ், ரைட்?" யாரோ பெரிய ஓவியர் அங்கே பிறந்தாராம். அதையும் தேடி எழுதியிருந்தாள். தேடாமலே எனக்குத் தெரியும்.

குவேக்கர்ஸ் ஹில் என்ற புறநகரில், மகன் வீட்டில் எனக்கு ஓர் அறை, ஒரு ஜன்னல், ஒரு நாளைக்கு ஐந்து மாத்திரை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பலகையை இன்னும் மினுக்குகிறார்கள். எங்கள் காலத்தில் கட்டடக் காவலாளி சனிக்கிழமைகளில் மினுக்குவார். அந்தத் திரவத்தின் நெடி முப்பத்தொரு படி ஏறி எங்கள் அறைக்கு வரும். மனைவி இருந்தவரை இங்கே குத்துவிளக்கு மினுக்கும்போதும் அதே நெடிதான். நான் எழுந்து பின்வளவுக்குப் போய்விடுவேன். சாம்பிராணியை ஏற்கும் மூக்கு இதற்கு மட்டும் ஏன் சுருங்குகிறது என்று அவள் கேட்பாள். நான் சொன்னதில்லை.

அப்போது அது அகதிகள் விடுதி. தமிழர் பதினொரு பேர், அடுப்பு இரண்டு. நான் ஊரில் கணக்குப் படிப்பித்தவன். ஆகவே எல்லாம் தெரிந்தவன் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவர்களைவிட நானே அதிகம் நினைத்தேன். பக்கத்து அறையில் கணேசனும் மனைவி மலரும். மலருக்கு ஏழு மாதம்.

ஒருநாள் வாசலில் கணேசன் கேட்டார்.

"மாஸ்டர், உதில என்ன எழுதியிருக்கு?"

எனக்கு ஜேர்மன் ஒரு சொல்கூடத் தெரியாது. ஒரு பெயர், இரண்டு ஆண்டுகள். எங்கள் ஊர் பஸ் தரிப்பிடத்திலும் வாசிகசாலையிலும் அப்படிப் பலகை வைப்பது செத்தவர்களுக்குத்தானே.

"செத்த ஆளின்ர பலகை. இந்த வீட்டிலதான் உயிர் போயிருக்கு" என்றேன், கொஞ்சமும் யோசிக்காமல்.

மலர் வயிற்றில் கைவைத்தா. "ஐயோ, செத்த வீட்டிலயோ நான் பிள்ளை பெறுறது? இஞ்ச இருக்கமாட்டன்."

"மாஸ்டர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார் கணேசன்.

அகதி விண்ணப்பம் முடியும்வரை அந்த மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். மூன்றாம் நாள் தூரத்து நகரத்திலிருந்த மலரின் தமையன் வீட்டுக்கு ரயிலேறினார்கள். நான்காவது நிலையத்தில் பொலிஸ் இறக்கியது. வேறு முகாமுக்கு அனுப்பினார்கள். பிறகு விண்ணப்பமும் தள்ளுபடி.

அவர்கள் பிடிபட்ட இரண்டாம் கிழமை, காவலாளியிடம் பலகையைக் காட்டிச் சைகையில் கேட்டேன். மனிதர் துணியைத் தோளில் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் சேர்த்துக் குழந்தையைத் தாலாட்டுவதுபோல ஆட்டிக் காட்டிச் சிரித்தார்.

கணேசனுக்கு நான் எழுதவில்லை.

அந்தப் பயணத்தால்தான் அவர்கள் வழக்குக் கெட்டது என்று என்னால் நிறுவ முடியாது. ஆனால் பதினொரு பேரில் ஒன்பது பேருக்கு அனுமதி கிடைத்தது. கிடைக்காத இரண்டு பேர் அவர்கள். கைக்குழந்தையோடு திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஊரில் ஒரு காலை சைக்கிளில் கடைக்குப் போன கணேசன் வீடு வந்து சேரவில்லை. இன்றுவரை.

மலர் இப்போது மெல்பேர்னில், மல்கிரேவில், மகளோடு இருக்கிறா. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் எடுப்பேன். இரண்டு நிமிடத்தைத் தாண்டியதில்லை. படம் வந்த அன்று பண்டிகை ஒன்றும் இல்லாமலே எடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

"உது எனக்குத் தெரியும் அண்ணை. முகாமில ஒரு நேர்ஸ் சொன்னவ. பிள்ளை பிறக்கிறதுக்கு முந்தியே."

"பிறகேன் அதைப் பற்றி என்னோட ஒரு வார்த்தை கதைக்கேல்லை?"

"கதைச்சு? எங்களை ஊருக்கு அனுப்பாமல் விட்டிருப்பாங்களோ?" என்றா. "இவருக்கும் நான் சொல்லேல்லை. உங்களில அப்பிடி ஒரு மதிப்பு வச்சிருந்தவர். நாட்டை விட்டுத்தான் கலைச்சாச்சு, அதையாவது வச்சிருக்கட்டும் எண்டு விட்டிட்டன்."

பேரன் அழுகிறான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டா. என்னில் பிழையில்லை என்று நம்பிய ஒரே மனிதர் சைக்கிளில் போய்விட்டார். அவரைத் திருத்துவதற்கு இனி எங்கே போவது?