கோலா குலாவில் நான் வாசித்த அட்டை

போன சனிக்கிழமை கோலா குலா கடலோரத்துக்குப் பறவை பார்க்கப் போனோம். அங்கே நான் செய்ததை நினைத்தால் இன்னும் முகம் சுடுகிறது. ஆனாலும் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். எழுபது வயதுக்கு மேல் கோயில் மண்டப வகுப்பில் எழுத்து கற்றவன் நான். கைப்பேசியில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அழைத்துப் போனவர் பக்கத்து வீட்டு மிஸ்ஸி. ஈப்போ மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே தாதிகளை அப்படித்தான் கூப்பிடுவோம், தெருவில் எல்லாருக்கும் இன்னும் மிஸ்ஸிதான். பால் நாரையைப் படம் எடுக்கப் பல முறை போய் வெறுங்கையோடு திரும்பியவர். அடுத்த வாரம் ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகனிடமே குடியேறப் போகிறார். அதனால் இதுதான் கடைசிப் பயணம்.

செமோரிலிருந்து காலை ஐந்தரைக்கு அவர் காரில் கிளம்பினோம். தைப்பிங் வரை நெடுஞ்சாலை, பிறகு செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே சின்ன சாலை. மொத்தம் நூறு கிலோமீட்டர் இருக்கும். விடிந்த பிறகு கோயில், தமிழ்ப்பள்ளி என்று எந்தப் பலகை வந்தாலும் சத்தமாக வாசித்தேன்.

"இன்னிக்கு ரேடியோ தேவையில்ல அண்ணே," என்று மிஸ்ஸி சிரித்தார்.

படகுக்கு வாடகை நூற்றைம்பது வெள்ளி. ஏறும்போது மிஸ்ஸி என்னிடம் ஓர் அட்டையைக் கொடுத்தார். பறவைகளின் படங்கள், கீழே எனக்காக அவரே பெரிய எழுத்தில் எழுதிய தமிழ். எனக்கென்று ஒருவர் எழுதிக் கொடுத்தது அதுதான் முதல்.

உப்பு நீரில் நிற்கும் காண்டாமரக் காட்டைத் தாண்டியதும் படகோட்டி சேகர் இஞ்சினை நிறுத்திக் கழியால் தள்ளினார். கடல்நீர் வற்றிய சேற்றில் மூன்று பால் நாரைகள். வெள்ளை உடம்பு, மஞ்சள் மூக்கு. மிஸ்ஸி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமராவைத் தூக்கினார். நான் அட்டையைப் பார்த்தேன். அதே பறவை.

எங்கள் வகுப்பில் வாய்க்குள் படித்தால் படித்ததாகவே கணக்கில்லை. விசிறிச் சத்தத்தைத் தாண்டிக் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் விரலை வைத்து, "பால் நாரை! உடல் வெண்மை!" என்று முழுக் குரலில் வாசித்துவிட்டேன்.

மூன்றும் எழுந்து கடல் பக்கம் போய்விட்டன. கேமரா சொடுக்கவே இல்லை.

"அதுங்களுக்குத் தமிழ் தெரியாது லா தாத்தா, பயந்துருச்சி," என்றார் சேகர்.

"என்னால கெட்டுப்போச்சி மிஸ்ஸி," என்றேன்.

அவர் லென்சுக்கு மூடி போட்டார். "பிழையில்லாமத்தான் படிச்சிங்க அண்ணே," என்றார். திட்டியிருந்தால் தேவலாம்.

கடல்நீர் மறுபடி ஏறும் வரை காத்திருந்தோம். கொக்குகள் வந்தன, கழுகு ஒன்று வந்தது. நாரை வரவில்லை. திரும்பும் வழியில் எந்தப் பலகையையும் நான் வாசிக்கவில்லை. தைப்பிங் தாண்டியதும், "அந்தக் கோயில் பேரு என்னண்ணே?" என்று மிஸ்ஸியே கேட்டார். மெதுவாகச் சொன்னேன். வீட்டு வாசலில் அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

போகிறவர்கள் நீர் வற்றும் நேரத்தைப் படகோட்டியிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். தொப்பியும் தண்ணீரும் எடுத்துப் போங்கள். படிக்க எது இருந்தாலும் கரைக்கு வந்த பிறகு படியுங்கள். நான் தினமும் அந்த அட்டையை வைத்து, வாயை மூடிப் படிக்கப் பழகுகிறேன். சத்தம் நின்றுவிட்டது. உதடு மட்டும் இன்னும் அசைகிறது.