அக்காவின் மஞ்சள் நகங்கள்

பிள்ளைகளே, உங்கள் மாமிக்கு, அதாவது என் அக்காவுக்கு, நகப்பூச்சு என்றால் பெரிய ஆசை. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் அதை அழிக்கும் திரவம் எங்கள் தீவுக்கு வராது. அதனால் பழைய சிவப்பின் மேலேயே புதுச் சிவப்பைப் பூசிக்கொண்டிருந்தார்.

ஒரு காலை நானும் அக்காவும் குறிகட்டுவான் படகுத்துறையில் நின்றபோது இராணுவ ஹெலிகொப்டர் சுட்டது. பக்கத்தில் நின்ற ஒருவரின் தலை சிதறியது. ஒரு துப்பாக்கிச் சன்னம் அக்காவின் தொடையைப் பிய்த்துக்கொண்டு போனது. நான் உடுத்தியிருந்த சாரத்தைக் கிழித்துக் காயத்தை இறுக்கிக் கட்டி, அக்காவை ஒரு வான் வண்டியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் இரத்தம் ஒழுகியது.

அங்கே நேர்ஸ் அக்காவின் விரல்களைப் பிடித்துப் பார்த்துக் கத்தினார்.

"இரத்தம் எவ்வளவு போயிட்டுது எண்டு நகத்தின்ரை நிறத்திலை பாப்பம் எண்டால், இதென்ன தம்பி, கதவுக்குப் பெயின்ற் அடிச்ச மாதிரி?"

பிளேட்டால் சுரண்டினார். பூச்சு தகடாக உரிந்தது. உள்ளே நகம் மஞ்சள்.

"ஐயோ, இவவுக்குச் செங்கண்மாரியும் இருக்கோ?" என்றேன், மஞ்சள் காமாலையை நினைத்து.

"விசர்க்கதை கதைக்காதையும். விடாமல் பூசினால் சாயம் ஊறி இப்பிடித்தான் வரும். இதிலை ஒண்டும் பாக்க ஏலாது."

அக்காவின் கீழ் இமையை இழுத்து உட்புறத்தைப் பார்த்தார். அது தாள்போல வெளுத்திருந்தது.

"இரத்தம் ஏத்த வேணும். கையை நீட்டும்."

என் இரத்தம் பொருந்தியது. மத்தியானம் அக்கா கண் திறந்து தண்ணீர் கேட்டார்.

தொடைக் காயம் மூடிய பிறகும் நகத்தில் மஞ்சள் கிடந்தது. நகம் வளர்ந்து அந்த மஞ்சள் வெட்டுப்பட்டுப் போகும்வரை அக்கா எதையும் பூசவில்லை.