எந்தப் பக்கம் போனார்

நான். என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான். எங்களோடு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்யும் அண்ணை ஒருவர். அவ்வளவுதான் ஆட்கள்.

ஜேர்மனியில், ஹம்பேர்க்குக்கு வெளியே ஒரு கால்வாய்க் கரை. தை மாதம், ஞாயிறு காலை. மைனஸ் நாலு. புல் வெள்ளையாக விறைத்துக் கிடந்தது. நாங்கள் பிடிக்கப் போனது பார்ஷ் மீன். உடம்பில் கறுப்புக் கோடு, முதுகில் முள். குளிருக்கு ஆழத்தில் ஒதுங்கி நிற்கும். ரப்பர் மீனைப் போட்டு அடியோடு மெல்ல இழுக்க வேண்டும். தூண்டில் தடியின் வளையங்களில் ஐஸ் பிடித்துக்கொண்டே இருந்தது. விரலால் தட்டித் தட்டிப் போட்டோம்.

மச்சானுக்குச் சீனி வருத்தம். வீட்டில் இன்சுலின் ஊசி போட்டுவிட்டு, காலைச் சாப்பாட்டுப் பாணைக் கரையில் சாப்பிடுகிறேன் என்று பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"சாப்பிடுங்கோ மச்சான்" என்றேன்.

"முதல் மீன் படட்டும்."

"அப்ப இண்டைக்குப் பட்டினிதான்" என்றார் அண்ணை.

சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் மச்சான் தடியை எடுத்துக்கொண்டு எழும்பினார். எங்கே என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. மீனுக்குப் போகிறவனிடம் எங்கே போகிறாய் என்று எங்கள் ஆட்கள் கேட்பதில்லை. கேட்டால் ஒன்றும் படாது. போகிறவரைப் பார்ப்பதும் சரியில்லை என்று நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அரை மணி போனது. பிறகு ஒரு மணி. பை என் காலடியிலேயே கிடந்தது. திறந்தேன். பாண், குளுக்கோஸ் வில்லை, சீனி பார்க்கும் மெஷின், அவருடைய போன். எல்லாம் உள்ளே. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனி இறங்கி ஆள் விழுந்துவிடும்.

"அண்ணை, மச்சான் எந்தப் பக்கம் போனவர்?"

"நீ கேக்கேல்லையோ?"

"நீங்கள்?"

"நான் என்னெண்டு கேக்கிறது? மீனுக்குப் போற ஆள்."

இடப்பக்கம் பாலம். வலப்பக்கம் நாணல். நடுவில் பனிப்புகார். நாயோடு வந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன். யாரையும் காணவில்லை என்றாள். அண்ணை நாணல் பக்கம் போனார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பாலத்துப் பக்கம் ஓடினேன். கூப்பிட்டேன். கரை ஓரத்தில் மெல்லிய ஐஸ். எங்காவது உடைந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் போனேன். மனைவிக்கு என்ன சொல்வது என்று ஒரு வசனம் தானாக வந்தது. அதைத் தள்ளிவிட்டு ஓடினேன்.

பாலத்துக்கு அடியில் கல்லில் இருந்தார். தடி மடியில். நுனி வளைந்து துடித்தது. பார்ஷ் ஒன்று இழுத்துக்கொண்டிருந்தது. அவர் அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குளிரில் முகம் முழுக்க வியர்வை.

"மச்சான்."

"ம்."

"நான் ஆர் எண்டு சொல்லுங்கோ."

என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி தடி நுனியைப் பார்த்தார். வில்லையை வாயில் வைத்தேன். சப்பினார். இன்னொன்று. இன்னொன்று. விரலில் குத்தி மெஷினில் வைத்தால் குளிரில் அது வேலை செய்யவில்லை. சட்டைக்குள் விட்டுக் கமக்கட்டில் வைத்துச் சூடாக்கினேன். மறுபடி குத்தினேன். முப்பத்தொன்பது. எழுபதுக்குக் கீழே போகவே கூடாது.

அண்ணைக்குப் போன் போட்டேன். மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"அம்புலன்ஸுக்கு அடிப்பமோ?"

"வேண்டாம்" என்றார் மச்சான். முதல் சொல் அதுதான்.

"நீங்கள் பேசாமல் இருங்கோ" என்றேன். "பதினைஞ்சு நிமிசம். ஏறாட்டில் அடிக்கிறன்."

அண்ணையின் பிளாஸ்கில் இருந்த தேநீருக்குள் சீனியைக் கொட்டிக் குடிக்கக் கொடுத்தோம். அண்ணை தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவருக்குப் போட்டார். நான் அம்புலன்ஸ் நம்பர் 112-ஐ அமத்தி, அழைக்காமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எப்போதோ நூல் தளர்ந்துவிட்டது. மீன் போய்விட்டது.

பத்து நிமிடம் போன பிறகு மச்சான் தடியைத் தேடினார்.

"எங்கை மீன்?"

"'எங்கை' எண்டு நான் அப்பவே உங்களைக் கேட்டிருக்க வேணும், இப்ப நீங்கள் கேக்கிறியள்" என்றேன்.

அண்ணை சிரிக்கவில்லை. மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினைஞ்சு" என்றார்.

மெஷினைக் கமக்கட்டிலிருந்து எடுத்தேன். மச்சான் தானே விரலை நீட்டினார். குத்தினேன். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

எண்பத்தாறு.