செல்லி வீட்டுக் குழம்புத்தூள்

செல்லிக்குப் பொறாமை என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சொன்னவர் வீட்டு வாசலிலேயே போய் நின்று கேட்டிருப்பாள். ஆனால் போன தை மாதத்திலிருந்து அவள் வயிற்றுக்குள் எரிந்துகொண்டிருந்ததற்குப் பொறாமையைத் தவிர வேறு பெயர் கிடையாது. எரிய வைத்தது, ஓரகத்தி வெண்மதி வைத்த ஒரு அண்டா குழம்பு.

பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு வீடு. முன் வீட்டில் செல்லியும் அவள் கணவன் கோவிந்தனும். பின் வீட்டில் கோவிந்தனின் தம்பி சிவக்குமாரும் வெண்மதியும். வருடா வருடம் தை மாதத்தில் குலதெய்வம் முனியப்பனுக்குக் கிடா வெட்டுவார்கள். பங்காளிகள் எண்பது பேராவது கூடுவார்கள். அன்றைக்குக் கறிக்குழம்புக் கரண்டி யார் கையில் என்பதுதான் அந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு இருக்கிற ஒரே பதவி. இருபத்திரண்டு வருடம் அது செல்லியின் கையில் இருந்தது.

சும்மா வந்த பதவி அல்ல அது. செல்லியின் அப்பா தொப்பூர் கணவாய்க்குக் கீழே லாரிக்காரர்களுக்கு ஓட்டல் வைத்திருந்தவர். பத்து வயதில் வெங்காயம் உரித்தவள், பதினைந்து வயதில் ஐம்பது பேருக்குச் சால்னா கொதிக்க வைத்தாள். கல்யாணமாகி வந்த இரண்டாம் வருடம், கிடாவெட்டுக்குச் சமைக்க வந்த ஆள் குடித்துவிட்டுக் கவிழ்ந்து கிடக்க, புதுப்பெண் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மூன்று கிடாக் கறியையும் தனி ஆளாக ஆக்கி இறக்கினாள். பங்காளிகளில் மூத்தவரான சின்னராஜ் எல்லார் முன்னாலும் கரண்டியை அவள் கையில் கொடுத்து, "இனிமே இது உனக்குத்தாம்மா" என்றார். அதற்கப்புறம் மரவள்ளிக் காட்டில் களை எடுக்கப் போனாலும் சரி, நூறு நாள் வேலைக்குப் போனாலும் சரி, அந்தக் கரண்டி கையில் இருக்கிற மாதிரிதான் நடப்பாள்.

போன வருடம் கிடாவெட்டுக்கு இரண்டு நாள் முன்பு காய்ச்சலில் படுத்துவிட்டாள். வெண்மதி சமைத்தாள். கோவிந்தன் சாப்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு படுத்திருக்கலாம். அந்த மனுசனுக்கு அது தெரிந்தால் ஏன் இந்தக் கதை? கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவளிடம் வந்து, "இந்த மாதிரி கொழம்பு தின்னு எத்தினி வருசமாச்சு!" என்று ஏப்பம் விட்டான். காய்ச்சல் மூன்றாம் நாள் இறங்கியது. அந்த ஏப்பம் இறங்கவில்லை.

செல்லிக்குப் புரியாத ஒன்று இருந்தது. மிளகாயும் மல்லியும் இரண்டு பேரும் சேர்ந்துதான் வாங்குகிறார்கள். ஒரே மொட்டைமாடியில் காய வைத்து, ஒரே மிஷினில் அரைத்து, ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியிருக்க அவள் குழம்பு மட்டும் எப்படித் தெருமுனை வரை மணக்கும்? மருந்து ஏதோ போடுகிறாள் என்று செல்லி முடிவு கட்டினாள். பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு மசாலா பாக்கெட் வாங்கி வந்து தன் தூளோடு கலந்து பார்த்தாள். கோவிந்தன் ஒரு வாய் வைத்துவிட்டு மோர் கேட்டான்.

மருந்தும் இல்லை, மாயமும் இல்லை. விஷயம் செல்லியின் டப்பாவில் இருந்தது. உப்பும் மஞ்சளும் தீர்ந்து போனால் தீர்ந்தது என்று சொல்லக் கூடாது, நிறைஞ்சிருக்கு என்றுதான் சொல்ல வேண்டும் என்பது எல்லார் வீட்டிலும் உள்ள பேச்சு. செல்லி அதை ஒருபடி மேலே கொண்டுபோனாள். குழம்புத்தூளிலும் மஞ்சள் சேர்கிறதே, அந்த டப்பாவும் காலியாகக் கூடாது என்று வைத்துக்கொண்டாள். கால் டப்பா ஆனதும் "தூளு நெறைஞ்சிருக்குங்க" என்பாள், புதுத்தூளைப் பழசின் மேலேயே கொட்டுவாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து தன் டப்பாவின் அடியை யாரும் பார்த்ததில்லை என்பதில் அவளுக்குப் பெருமை. டப்பா இருப்பதோ அடுப்புக்குப் பக்கத்தில். கொதிக்கிற சட்டிக்கு மேலே அப்படியே சாய்த்துத் தட்டுவாள், ஆவி உள்ளே போகும். அப்பாவின் ஓட்டலில் பழகிய கை. அங்கே வாரத்துக்கு ஒரு மூட்டை தூள் ஓடும், எதுவும் பழசாக நேரமிருக்காது. இரண்டு பேர் சாப்பிடுகிற வீட்டில் அதே பழக்கம் என்ன செய்யும் என்று அவள் யோசித்ததில்லை.

இந்த வருடக் கிடாவெட்டுக்கு நாள் குறிக்க, மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்காளிகள் ஏழெட்டுப் பேர் வருவதாக இருந்தது. சாப்பாடு சிவக்குமார் வீட்டில். நாள் மட்டுமல்ல, கரண்டி யாருக்கு என்பதும் அன்றைக்கே முடிவாகிவிடும் என்று கோவிந்தன் சொன்னான். செல்லிக்குத் தூக்கம் போயிற்று.

வெள்ளிக்கிழமை வெண்மதி மாரண்டஹள்ளியில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். "கோழிக்குத் தீனி மட்டும் போட்டுருங்க்கா, ராத்திரிக்குள்ள வந்துர்றேன்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். கோழிக்குத் தீனி போட ஒரு நிமிடம் ஆயிற்று. அப்புறம் செல்லி நேராகச் சமையலறைக்குள் போனாள்.

அடுப்புப் பக்கம் ஒரு டப்பாகூட இல்லை. எதிர்ச் சுவரில் வெயில் படாத அலமாரிக்குள் பெரிய எவர்சில்வர் டப்பா, பக்கத்தில் பத்துப் பதினைந்து நாளைக்கு வருகிற மாதிரி ஒரு சின்னப் பாட்டில். இரண்டின் மேலும் பள்ளிக்கூட நோட்டில் ஒட்டுகிற லேபிள், அதில் அரைத்த தேதி. தூளுக்குள் ஒரு கட்டிப் பெருங்காயம், ஈரம் படாத மரக்கரண்டி. மஞ்சள்தூள் டப்பா மட்டும் கழுவித் துடைத்து, ஜன்னலோரம் கவிழ்த்து வைத்திருந்தது.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா மஞ்ச டப்பாவக் கவுத்து வெச்சிருக்கறா பாரு! இவளுக்கா கரண்டி?"

சின்னப் பாட்டிலைத் திறந்தாள். வாசம் மூக்கில் ஏறி இரண்டு தும்மல் போட்டாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தன் வீட்டுத் தூள் கடைசியாக எப்போது தும்ம வைத்தது என்று நினைத்துப் பார்த்தாள், ஞாபகம் வரவில்லை. ஒரே நாளில் அரைத்த தூள்! ஆத்திரம் தலைக்கேறியது. பாட்டிலைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போனாள். அதிலிருந்த தூளைத் தன் டப்பாவுக்குள் கொட்டும் முன், டப்பாவின் அடியிலிருந்து கரண்டியால் தோண்டி எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டாள். அது மண் நிறத்தில், கட்டி கட்டியாக வந்தது. அதைத்தான் உதிர்த்துப் பாட்டிலில் நிரப்பினாள். பெருங்காயக் கட்டியைக்கூட மறக்காமல் திரும்பப் போட்டு, இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள்.

மாரண்டஹள்ளிக் குளிரில் வெண்மதி நல்ல சளியோடு திரும்பி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மூக்கடைப்போடு நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தாள். வாசம் தெரியாமல், ஆள் வந்துவிட்ட அவசரத்தில் நிறத்தையும் பார்க்காமல், வழக்கமான அளவு தூளைப் போட்டாள்.

பந்தி உட்கார்ந்தது. செல்லி கதவோரம் நின்றுகொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சின்னராஜ் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு உப்பு கேட்டார். யாரும் இரண்டாவது தடவை குழம்பு கேட்கவில்லை. செல்லிக்கு நெஞ்சு குளிர்ந்தது. அப்போதுதான் கோவிந்தன் இலையிலிருந்து நிமிர்ந்து, வீடே கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"என்ன செல்லி, நம்ம வூட்டுக் கொழம்ப இங்க கொண்டாந்து ஊத்திட்டியா?"

எல்லாரும் சிரித்தார்கள். செல்லியும் சிரித்தாள். காது இரண்டும் சுட்டது. இருபத்துநாலு வருடமாக அந்த மனுசன் எதைத் தின்று வந்திருக்கிறான் என்பது அந்த ஒரு வாக்கியத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"கை தப்பிடுச்சுங்க மாமா, சளிங்க" என்றாள் வெண்மதி.

சின்னராஜ் கை கழுவிவிட்டு வந்து, "ரெண்டு பேரு கொழம்பும் ஒரே மாதிரிதான் இருக்குது. அப்ப பழக்கப்பட்ட கையே இருக்கட்டும். செல்லியே ஆக்கட்டும்" என்று முடித்துவிட்டார். கரண்டி திரும்பி வந்துவிட்டது. ஒரு வருடம் ஏங்கிய செல்லிக்கு, வந்தது கரண்டி மாதிரியே இல்லை.

எல்லாரும் போன பிறகு பாத்திரம் எடுக்க உள்ளே போனாள். வெண்மதி சின்னப் பாட்டிலையும் பெரிய டப்பாவையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாள். ஒன்று செக்கச்செவேல் என்றிருந்தது, இன்னொன்று மண்.

"அக்கா, ஒரே நாள்ல அரைச்சது. பதினஞ்சு நாள்ல இப்பிடி ஆவாதுங்க்கா."

செல்லி எடுக்க வந்த பாத்திரங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"கரண்டி வேணும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே குடுத்திருப்பனே. எண்பது பேருக்கு ஆக்க எனக்கென்ன ஆசையா?" வெண்மதியின் குரலில் கோபமே இல்லை. பெரிய டப்பாவை மூடி, செல்லியின் கையில் வைத்தாள். "கிடாவெட்டுக்கு இதப் போடுங்க. உங்க பேரு கெட்டுறக் கூடாது."

செல்லி டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். வெட்கம் பிடுங்கித் தின்றது, அழுகை முட்டியது. அத்தனைக்கும் நடுவில், இந்த மனசும் அவளுக்குத்தான் வாய்த்திருக்கிறதே என்று, அந்த நிமிடத்திலும் அவளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.